பன்னிரண்டு நாள் பிரிக்காத பெட்டி

என் பெயருக்கு வந்த ஓர் அட்டைப்பெட்டியை நான் ஏன் பன்னிரண்டு நாள் பிரிக்கவில்லை? யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. கத்தரிக்கோல் கை எட்டும் தூரத்தில் இருந்தது. கணினிப் பொறியியல் படித்து, நான்கு வருடம் மென்பொருள் எழுதிச் சம்பாதித்தவள் நான். எத்தனை முறை யோசித்தும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பிரசவத்துக்காக வேலையை விட்டேன். மகளுக்கு இரண்டு வயது ஆனபோது திரும்பப் போக முயன்றேன். இரண்டு நேர்முகத் தேர்வுகளில் என்னை மிக மரியாதையாக நிராகரித்தார்கள். மூன்றாவதாக ஒரு சின்ன நிறுவனம் எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள். மடிக்கணினி மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும், நினைவகம் குறைந்தது பதினாறு ஜிபி. இதை மின்னஞ்சலில் தடித்த எழுத்தில் அனுப்பியிருந்தார்கள்.

உடனே எக்செல்லில் ஒரு பட்டியல் ஆரம்பித்தேன். நான் கவலைப்பட ஆரம்பித்தால் எக்செல் திறந்துவிடுவேன்; மகளின் தடுப்பூசிக்கும் ஒன்று இருக்கிறது, அவளுடைய மலத்துக்கும் ஒன்று இருந்தது. மடிக்கணினிக்கு இருபத்து மூன்று பத்தி. நாங்கள் இருப்பது மாமல்லபுரத்தில், சிற்பக் கூடங்களுக்குப் பின் தெருவில். அதனால் உப்புக் காற்றுக்கு ஒரு பத்தி, கல் தூசுக்கு ஒரு பத்தி. இணையக் கூட்டத்தில் நான் பேசும்போது பக்கத்தில் யாராவது விநாயகருக்கு மெஷினால் காது அறுத்தால் என் குரல் கேட்குமா என்பதற்கு ஒன்று.

என் கணவர் சுற்றுலா வேன் ஓட்டுபவர். கோவில் பார்க்க வருபவர்களை ஏற்றி இறக்குவது தொழில். அவர் பட்டியலை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இன்னா மைலேஜ் குடுக்கும்?"

"சார்ஜ் எட்டு மணி நேரம் நிக்கும்னு போட்டிருக்கான்."

"அப்போ அஞ்சு. ரீசேல் கீதா? பாடி இன்னா, பிளாஸ்டிக்கா?"

"அதெல்லாம் இருக்கட்டும். நினைவகம்தான் முக்கியம். எட்டு இருக்கு, பதினாறு இருக்கு. ஒரே நேரத்துல எத்தனை வேலை ஓட்டலாம்ங்கறது அதுலதான் இருக்கு."

"சீட்டுன்னு சொல்லு. எட்டு சீட்டு வண்டியா, பதினாறு சீட்டு வண்டியா. அவங்க பதினாறு கேக்கறாங்க. இதுக்கு எதுக்கு இத்தினி கோடு போட்டுக்கினு கீறே? செங்கல்பட்டுக்குப் போய்க் கடைல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து எடு."

நான் சிரித்தேன். மடிக்கணினியை ஓட்டிப் பார்ப்பதா? அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் நல்லது.

கடைசியில் ஆடித் தள்ளுபடி வந்ததும் கைப்பேசியிலேயே வாங்கிவிட்டேன். எட்டும் பதினாறும் ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களாக இருந்தன. மகள் மடியில் இருந்தாள். அவளுக்குத் திரையில் எதைப் பார்த்தாலும் தொட வேண்டும். உறுதிசெய்து வந்த மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் படித்தது முகவரியை. கதவு எண் முன்பு ஒருமுறை மாறிப்போய், மகளின் டயபர் பக்கத்துத் தெரு லாட்ஜுக்குப் போயிருந்தது.

பெட்டி ஆடி இருபதாம் தேதி வந்தது. நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தபோது மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா பண்றே? ஆடி மாசத்துல யாருனா புதுப் பொருள பிரிப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்."

"நீங்க முந்தாநாள் ஆடித் தள்ளுபடியில எடுத்த புடவையத்தானே அத்தை கட்டியிருக்கீங்க?"

"பொடவ இன்னா ஆபீஸுக்கா போவுது? இது வேலைக்குன்னு வாங்கனது."

கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆடியில் வாங்கலாம், தொடங்கத்தான் கூடாது. பெட்டியைப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். வேனுக்குப் புது பேட்டரி வந்தாலும் கணவர் அங்கேதான் வைப்பார். சும்மா வைக்கக் கூடாதே என்று சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, ஒரு பொட்டும் வைத்தேன். பழுப்பு அட்டையில் சந்தனம் எடுபடவில்லை. ஓரத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேல் வைத்தேன். பளிச்சென்று இருந்தது.

ஐந்தாம் நாள் மாமியாரே இறங்கி வந்தார்.

"நாலு நாளா பெட்டியவே பாத்துக்கினு கீறே. சோறு எறங்கல ஒனக்கு. தொறக்கணும்னா தொற, நா இன்னா போலீஸா?"

நானோ, "பரவால்ல அத்தை, இன்னும் ஏழெட்டு நாள்தானே" என்றேன். சொன்னது நான்தான். அதனால்தான் பழியைத் தூக்கி அவர்மேல் போட முடியவில்லை. எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! பிரித்த பிறகு வேலையில் ஏதாவது கோளாறு வந்தால் ஆடியில் பிரித்தவள் என்று ஆகிவிடும், பிரிக்காமல் இருந்தால் எதற்கும் நான் பொறுப்பில்லை. அப்படிக் கணக்குப் போட்டேனோ? இருக்கலாம். ஆனால் சாமி கும்பிடும்போதே அடுப்பில் பால் பொங்கிவிட்டதா என்று பார்க்கிற ஆள் நான். திடீரென்று அவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது?

பொருள் மாறிப்போனாலும் ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்பது எனக்குத் தெரியும். எக்செல்லில் அதற்கும் ஒரு பத்தி இருந்தது.

ஆவணி முதல் தேதி காலை நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, பெட்டியைப் பிரித்தோம். மகள் கைதட்டினாள். கணவர் கணினிக்கு அடியில் வைக்க ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். ஏற்றி நசுக்க இதற்குச் சக்கரம் இல்லை என்று சொல்லி வாங்கி வைத்தேன். கணினி விழித்ததும் முதல் வேலையாக நினைவகத்தைப் பார்த்தேன். எட்டு.

பெட்டியைத் தேடி எடுத்துக் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கரில் தெளிவாக அச்சடித்திருந்தது: எட்டு. விற்றவன்மேல் தப்பே இல்லை. நான் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறான். எட்டைத் தொட்டது என் விரலா மகள் விரலா என்பது அவளுக்குப் பேச்சு முழுசாக வந்தாலும் தெரியப் போவதில்லை.

அன்றே வேனில் செங்கல்பட்டுக்குப் போனோம். பழுது பார்க்கும் கடையில் இருந்த பெண் கணினியின் அடிமூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மேடம், இதுல மெமரி போட ஸ்லாட்டே கெடையாது. போர்டோட சேத்து ஒட்ட வெச்சிக்கீறான். எட்டுன்னா எட்டுதான். டெலிவரி ஆன அன்னிக்கே பாத்திருந்தா மாத்தியிருக்கலாமே, ஏன் பாக்கல?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் அந்த டார்ச்சைப் பார்த்தேன்.

"ஆடி மாசங்க," என்றார் அவர்.

"ஓ," என்றார் அந்தப் பெண், அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவைப்படாதவராக. மூடியைத் திருகித் தந்தார். காசு வாங்கவில்லை. துக்க வீட்டில் யார் வாங்குவார்கள்?

திரும்பும் வழியில் கணவர் ஆறுதல் சொன்னார்: "எட்டு சீட்டு வண்டில பதினாறு பேர ஏத்தறதுதான் நம்ப தொழிலே. மெதுவா ஓட்டு."

இன்னொன்று வாங்கக் கையில் பணமில்லை; மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுதிய நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் மூட வேண்டும். அதற்குள் மகளுக்கு ஒரு தோசை ஊட்டிவிடலாம். கணினியின் விசிறி போடும் சத்தத்தில் சிற்பக் கூடத்து மெஷினே அடங்கிப்போகிறது. வாரத்தில் இரண்டு முறையாவது கூட்டத்தின் நடுவே என் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறது. என் குழுத் தலைவி என்னைவிட நான்கு வயது சின்னவள், நல்ல பெண். போன வாரம் கேட்டாள்: "உங்க ஊர்ல நெட் அவ்வளவு மோசமாக்கா?"

"ஆமாம்மா, கடலோரம் இல்லையா," என்றேன். அலை என்னவோ இணையத்தை நனைத்துவிடுகிற மாதிரி. அவள் நம்பினாள். அதுதான் உறுத்துகிறது. சேரும்போது நிரப்பிய படிவத்தில் நினைவகம் என்ற இடத்தில் பதினாறு என்று எழுதியிருக்கிறேன். அந்தப் படிவத்தை ஆடி இருபத்தைந்தாம் தேதி, பிரிக்காத பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து நிரப்பினேன். அப்போது அது பொய் இல்லை. இப்போது பொய். நடுவில் எந்த நாளில் அது பொய்யாக மாறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கார்த்திகை பிறந்தால் மூன்று மாதம் முடிகிறது. அதற்குமுன் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று தலைவி எழுதி அனுப்ப வேண்டும். உண்மையைச் சொன்னால், படிவத்தில் தப்பாக எழுதியவள் என்று ஆகும். சொல்லாமல் இருந்தால், வேலையில் மந்தமானவள் என்று ஆகும். நான் மந்தமில்லை; என் கணினிதான் மந்தம். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது நான்.

மாமியாரிடம் கேட்டேன். "சொல்லிடு. ஆடின்னு சொன்னா புரிஞ்சிக்க மாட்டாங்களா?" என்கிறார். கணவர், "வேல நெலைக்கட்டும், அப்பால சொல்லு" என்கிறார். எக்செல்லில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டு மதிப்பெண் கொடுத்தேன். சமமாக வந்தது. திருத்திப் போட்டேன். மறுபடி சமமாக வந்தது. பட்டியல் சேமிக்கும் நேரத்தில் கணினி உறைந்துவிட்டது.

ஆகவே இதைப் படிக்கும் உங்களைக் கேட்கிறேன். அவளிடம் சொல்வதா? சொல்வதென்றால் எந்த வார்த்தையில் தொடங்குவது? எட்டு ஜிபியை வைத்துக்கொண்டு இந்த வேலையை ஒப்பேற்றியவர் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்து வாங்கினால் எதை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள். இந்த முறை கடைக்குப் போய் ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பேன். கார்த்திகை பிறப்பதற்குள் எழுதிவிடுங்கள். தள்ளிப்போனால் மார்கழி வந்துவிடும். மார்கழியில் நான் எதையும் பிரிப்பேன் என்று எனக்கே நம்பிக்கையில்லை.