கண்ணில் படாத மழைக்கோட்டு

சில வருடங்களுக்கு முன்னால், ஆண்டுக் கடைசி மழை விடாமல் பிடித்திருந்த நேரத்தில் இது நடந்தது. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து லோரி ஓட்டுகிறேன். அப்போதும் இதே வேலைதான், இதே லோரிதான்.

என் மகளைக் கட்டியவர் ராணுவத்தில் இருக்கிறார். அந்த வருடம் அவரைக் கடல் தாண்டிச் சபா எல்லைக் காட்டுக்கு அனுப்ப உத்தரவு வந்தது. போவதற்கு முன் கொஞ்ச நாள் லீவு கொடுத்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீடுகளில், எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து தங்கினார். மகளுக்கு அப்போது ஏழாவது மாதம். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் பக்கத்தில் இருக்க மாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. மாப்பிள்ளையும் அப்படித்தான். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கிடையாது. ஒருநாள் சாயங்காலம் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அவரோட மழைக்கோட்டு கக்கத்துல கிழிஞ்சு போச்சு. பட்டாளத்துல புதுசு கெடைக்க லேட்டாவுமாம். அங்க முக்காவாசிப் பேரு கடையில சொந்தமாத்தான் வாங்கிப் போட்டுக்கிறாங்களாம். நீங்க நல்லதா பாத்து ஒன்னு வாங்கிக் குடுங்கப்பா. அவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு."

மறுநாள் கடைசி லோடு கொழுந்தை ஆலையில் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். அங்கே மலையேற வரும் சுற்றுலாக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. பூட்ஸெல்லாம் சேறு. கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஈரக் காலுறையோடு நுழைந்தேன். கடைக்காரச் சீன அம்மா பார்த்துச் சிரித்துவிட்டார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவர்.

"சப்பாத்து போடு லா, அங்கிள். இது கோயில் இல்ல."

எனக்குக் கூச்சத்தில் முகம் சூடாகிவிட்டது. மழைக்கோட்டுகளை எடுத்துப் போட்டார். கழுத்துப் பட்டையில் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. ஆறாம் வகுப்போடு தமிழ்ப்பள்ளியை விட்டவன் நான், அது புரியவில்லை. ஆனால் மழைக்கோட்டைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அதன் நிறம்.

எங்கள் மலையில் மூடுபனி இறங்கினால் லோரி மூக்குக்கு முன்னால் இருப்பதுகூடத் தெரியாது. ஒருமுறை கீழ்த்தோட்டத்து வளைவில், முதுகில் கொழுந்து மூட்டையோடு குனிந்து வந்த ஒரு வங்காளதேசத்து ஆளை நசுக்கியிருப்பேன். கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்தியிருந்தார். கடைசி நேரத்தில் அவருடைய மூட்டையில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது. பிரேக் பிடித்தபோது அவர் பம்பருக்கு முன்னால் ஒரு கை நீளத்தில் நின்றார். அன்றிலிருந்து எங்கள் பிரட்டில், அதாவது காலையில் ஆட்கள் கூடும் இடத்தில், கறுப்பு, பச்சை போர்த்தி வருகிறவர்களை நான் சும்மா விடுவதில்லை. பேசாத மனுசன் இதற்கு மட்டும் வாயைத் திறக்கிறான் என்று கேலி செய்வார்கள். கேலி செய்தாலும் ஆரஞ்சோ மஞ்சளோ போட்டுக்கொண்டு வருவார்கள்.

அதனால் கடையிலேயே பளிச்சென்று இருந்த ஆரஞ்சு நிறக் கோட்டை எடுத்தேன். முதுகிலும் கையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. இதைப் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மாப்பிள்ளை பையைப் பிரித்து, மின்னும் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றார். உடனே போட்டுக்கொண்டு வாசலில் மழையில் நடந்தும் காட்டினார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரோடு போடுற எடத்துல வைப்பாங்களே கோனு, அப்பிடியே இருக்கீங்க."

"சும்மா இரு. மாமா ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு" என்று அவளை அடக்கினார்.

மறுநாள் காலை, வீட்டில் உட்கார முடியவில்லை என்று என்னோடு லோரியில் ஏறிக்கொண்டார். மூடுபனியில் மெதுவாகப் போனோம். பேச எதுவுமில்லாமல், அங்கே என்ன வேலை மாப்பிள்ளை என்று கேட்டேன். மழைக்கோட்டை நினைத்து நான் கேட்கவில்லை. அவரும் அதை நினைத்துச் சொல்லவில்லை.

"எல்லையில ரோந்து போவணும் மாமா. நாள்கணக்கா ஒரே எடத்துல படுத்துக் கெடப்போம். யாரு கண்ணுலயும் படக்கூடாது. வாட்ச் கண்ணாடி மின்னும்னு அதுக்கே டேப்பு ஒட்டிருவோம். படாம இருந்தாத்தான் முழுசா வீடு வந்து சேர முடியும்."

லோரியை ஓரம் கட்டிவிட்டேன்.

"அப்ப நான் வாங்கினது?"

அவர் வெளியே பார்த்தார். "போட முடியாது மாமா. ஆனா கொண்டு போவேன். ஹெலிகாப்டர் வந்தா எங்க எடம் தெரியறதுக்கு விரிச்சுப் போட ஒதவும்."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை கேட்கவில்லை. அன்று வேலை முடிந்ததும் நானே அவரை மோட்டாரில் உட்கார வைத்துப் பிரிஞ்சாங் போனேன். கடைக்கார அம்மா விவரம் கேட்டுவிட்டு, உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு கோட்டைக் கொண்டுவந்தார். சேறும் காய்ந்த இலையும் கலந்த மாதிரி ஒரு நிறம்.

"இது யாரும் வாங்காது லா. போட்டோ எடுத்தா ஆள் தெரியாது."

மாப்பிள்ளை அதைப் போட்டுக் கையை வீசி, காதைச் சாய்த்துக் கேட்டார். துணி சரசரக்கக்கூடாதாம். பிய்த்து ஒட்டும் பட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிய்க்கும் சத்தம் காட்டில் வெகுதூரம் போகுமாம். நானும் குனிந்து துணியைக் காதோரம் தேய்த்துப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

அவர் கிளம்பும் நாளுக்கு முந்தின காலை, அதே கீழ்த்தோட்டத்து வளைவில் லோரியை நிறுத்தச் சொன்னார். "நீங்க பாத்துச் சொல்லுங்க மாமா. மூடுபனியில ஆளப் பாத்துப் பழகின கண்ணு ஒங்களுது" என்று சொல்லிவிட்டு, புதுக் கோட்டோடு தேயிலைக்குள் இறங்கிப் போனார்.

வைப்பர் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தேன். அவர் அங்கேதான் இருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் செடி, பனி, செடி, அவ்வளவுதான். என் கண்ணை ஏமாற்றிவிட்டது, நல்ல கோட்டு. அப்படி நினைத்த அந்த நொடியே அவரைப் பார்த்தாக வேண்டும் போலிருந்தது. ஹோன் அடித்தேன். விடாமல் அடித்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே எழுந்தார்.

"தெரிஞ்சுதா மாமா?"

"தெரியல மாப்பிள்ளை."

அவர் முகம் முழுக்கச் சிரித்தார். நான் எட்டி அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

பிள்ளை குப்புற விழப் பழகிய பிறகு அவர் திரும்பி வந்தார். மறுபடி போனார், வந்தார். இப்போதும் போயிருக்கிறார். ஆரஞ்சுக் கோட்டை முதல் தடவை கிளம்பும்போதே பைக்குள் வைத்திருந்தார். மகள்தான் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டு போவாள். எவ்வளவு பனியிலும் அவளை எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு வயதாகிறது. கண்ணும் களைத்துப் போகிறது. ஆனால் அந்த வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. ஆள் நிற்கும் இடத்தை ஒருமுறை பார்க்கிற நான், ஒன்றுமே தெரியாத இடத்தைத்தான் இப்போதெல்லாம் இரண்டு முறை பார்க்கிறேன்.