ரிசர்வ் வண்டியும் ஃபுல் டேங்க் மரியாதையும்

வீட்டு வாசலுக்கே போய் வண்டி பார்க்கிற மெக்கானிக்குக்கு வண்டியால் வரும் தொல்லை கொஞ்சம்தான், மீதி எல்லாம் வாசலால் வருவது. ஈக்காட்டுத்தாங்கலில் என் ஷெட்டுக்கு ஒரு வண்டி வந்தால் அங்கே நானும் அதுவும் மட்டும்தான். வீட்டில் பார்ப்பதென்றால் சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர் எல்லோரையும் தாண்டித்தான் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க முடியும். ஏசி, மோட்டார், வாஷிங் மெஷின் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிற சகோதரர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு முகூர்த்த நாளில் மயிலாப்பூரில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மரியாதை

கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் ஒரு மாமாவின் பிக்கப் வண்டி. பாத்திரம், மளிகை, இலைக்கட்டு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. வடபழனி மண்டபத்தில் சமையல்காரர்கள் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் சாமான் போகாவிட்டால் ராத்திரி ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான். வேறு வண்டி பிடிக்கலாம் என்றால் முகூர்த்த நாளில் ஊரில் ஒரு லோடு வண்டியும் சும்மா இல்லை.

போனில் கேட்டபோதே பெட்ரோல் பம்ப்தான் என்று தெரிந்துவிட்டது. புது பம்ப்போடு போனேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற இந்த பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். பெட்ரோலில் முழுகிக் கிடந்தால்தான் சூடாகாது. நம் ஊர் வண்டிகளோ வாங்கிய நாளிலிருந்து ரிசர்விலேயே ஓடுகின்றன. அன்றைய ஓட்டத்துக்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள். பம்ப் காய்ந்து காய்ந்து செத்துப்போகும். அது செத்த பிறகு டேங்கை ரொப்புவார்கள், நான் அந்த டேங்கைக் கழற்றிக் கீழே இறக்க வேண்டிய நேரம் பார்த்து. அன்றைக்கும் மூடியைத் திறந்தால் வாய்வரை தளும்பியது. யாரைக் கேட்டு ஊற்றினீர்கள் என்றேன். மாமா பெருமையாகச் சொன்னார்: "நீங்க வரேள்னுதான் டிரைவரை விட்டு கேன் கேனா கொண்டுவரச் சொன்னேன். காலி டேங்கையா ஒருத்தர் கையில குடுக்கறது?"

அமெரிக்க மாப்பிள்ளை

பெட்ரோலை என் கைப்பம்பால் கேன்களில் இறைக்க ஆரம்பித்தேன். பாதி இறைத்திருக்க மாட்டேன், மாமா செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் அவருடைய அமெரிக்க மாப்பிள்ளை. "ப்ரோ, டேங்கை எதுக்கு இறக்கறீங்க? மேல பாடி போல்ட்டைக் கழட்டி அப்படியே தூக்குங்க, பம்ப் கைக்கு வந்துடும். எங்க வீட்டு பிக்கப்புக்கு நானே அப்படித்தான் மாத்தினேன்."

சரியான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் சாமான் ஏற்றுகிற அந்தப் பின்பக்கப் பாடியைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் லோடை இறக்க வேண்டும். அதைச் சொன்னதும் மாமாவின் முகம் மாறிவிட்டது. நல்ல நேரம் பார்த்து, மஞ்சளும் வெல்லமும் முதலில் வைத்து ஏற்றிய கல்யாணச் சாமானாம். மண்டபத்தில்தான் இறக்கலாமாம், பாதியில் இறக்கினால் அபசகுனமாம். மாப்பிள்ளை தூக்கு என்கிறார், மாமனார் இறக்காதே என்கிறார். நான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். மாமா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினார்: "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்கோ, நான் காபி சொல்றேன்."

தட்டு வைத்தியம்

முடிவு என்ன, லோடோடு வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, முட்டுக்கொடுத்து, தலைக்கு மேல் ரெண்டு அண்டாவும் ஒரு கிரைண்டரும் இருக்கிற நினைப்போடு அடியில் படுத்தேன். டார்ச் அடித்தால் டேங்கின் அடியில் ஏகப்பட்ட நசுங்கல். கல் பட்டு வந்தது மாதிரி தெரியவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன.

டிரைவர் ஏழுமலையைக் கூப்பிட்டேன். கேட்டதுமே சொல்லிவிட்டான். ஒரு மாசமாகவே காலையில் வண்டி எடுக்காதாம். பூரிக்கட்டையால் டேங்கைத் தட்டினால் எடுத்துக்கொள்ளுமாம். சாகிற பம்ப்பைத் தட்டினால் கொஞ்சம் ஓடும், நிஜம்தான். அப்போதே ஓனரிடம் சொல்லியிருந்தால் இந்த முகூர்த்த நாள் கூத்து வந்திருக்காதே என்றேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அசரவில்லை. "சும்மா தட்டுறதுன்னு நென்ச்சிக்கினியா ண்ணா? அதுக்குன்னு ஒரு எடம் கீது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

கற்பூரம்

டேங்கை இறக்கிப் பழைய பம்ப்பை எடுத்து, புதியதை உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெட்ரோல் கேன்கள். திடீரென்று மணிச் சத்தம். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் புடவைக் கரையும் மெட்டி போட்ட காலும் தெரிந்தன. மாமி தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறாள், திருஷ்டி கழிக்க.

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வெளியே உருண்டு வந்து தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடி, கற்பூரத்தை மண்ணில் அமுக்கினேன்.  திரும்பி வந்தால் மாமிக்கு என்மேல்தான் கோபம். "பிள்ளையாருக்குக் காட்டற கற்பூரம் எதைப் பத்திக்கணும், எதைப் பத்திக்கப்படாதுன்னு அவருக்குத் தெரியாதா?"

கோடம்பாக்கம் பாலம்

எல்லாம் மாட்டி, ஓட்டிப் பார்க்கக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. கேன்களில் இருப்பதை முழுக்க ஊற்றிக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை, மாமாவின் போன்: "புது பம்ப்பும் போயிடுத்து. கோடம்பாக்கம் பாலத்து மேல நிக்கறோம்."  ஒரு கல்யாண வீட்டின் சாப்பாடு என் தலையில் அல்லவா விடியப்போகிறது.

பைக்கில் பறந்து போனேன். பின்னால் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்க, ஏழுமலை அடியில் படுத்துப் பூரிக்கட்டையால் என் புது பம்ப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்தேன். டேங்க் வறண்டு கிடந்தது. கேன் பெட்ரோல் எங்கே? வடபழனி போக டேங்கில் இருக்கிறதே போதும், மீதியை நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று மாமா வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டாராம். பத்திரமாக என்றால்? அடுப்புப் பக்கமெல்லாம் இல்லையாம். பூஜை ரூமிலாம்.

அவர் போனைப் பிடுங்கி மாமியைக் கூப்பிட்டேன். எதையும் பற்ற வைக்காதீர்கள், கேன்களைத் தூக்கி மொட்டை மாடியில் வையுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாமி சொன்னாள்: "நல்ல வேளை கூப்பிட்டேள், என்னமோ நாத்தம் அடிக்கறதேன்னு இப்பத்தான் ஊதுவத்தியும் தீப்பெட்டியும் கையில எடுத்தேன்."

என் பைக்கிலிருந்து ட்யூப் போட்டு எடுத்த பெட்ரோலில் சாமான் வடபழனி போய்ச் சேர்ந்து, ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் பாயசம் வரை சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்களாம், நான் மட்டும் ஈக்காட்டுத்தாங்கல் வரை பைக்கைத் தள்ளிக்கொண்டே போனேன்.