அழித்து எழுதிய விடை

வகுப்பில் பிள்ளைகள் கலந்து பேசினால் எவ்வளவு கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராய வந்தவள், தான் படித்த எந்த வகுப்பிலும் வாயைத் திறந்ததே இல்லை. வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்றே பெயர். "நம்ம ஊமைக்கோட்டான் பேச்சைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதாம், கேட்டீங்களா!" என்று பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அவரைக் கோபிக்கவும் முடியாது.

ஆனால் வேலைக்கு அந்த வாய் தோதாகத்தான் இருந்தது. மேஜைக்கு மேஜை ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு மூலையில் உட்கார வேண்டும். பிள்ளைகள் முதலில் தனித்தனியாக விடை எழுதுவார்கள். பிறகு கூடிப் பேசுவார்கள். பேசியபின் தோன்றினால் மாற்றுவார்கள். என்ன நடந்தாலும் பார்க்க வந்தவர் தலையிடக் கூடாது.

கடைசி நாள், ஜன்னலோர மேஜையில் வந்தது வினை. 0.5 பெரிதா, 0.35 பெரிதா என்பது கேள்வி. "முப்பத்தஞ்சு பெரிசா, அஞ்சு பெரிசா? இதுகூடத் தெரியாதா?" என்று ஒரு பையன் மேஜையைத் தட்டினான். பக்கத்தில் இருந்த இருவரும் தலையாட்டிவிட்டார்கள். ரெட்டை ஜடைச் சிறுமி மட்டும், "அரைதானே பெரிசு..." என்று இழுத்தாள்.

"எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. உனக்கு மட்டும் என்ன?" என்றான் பையன்.

சிறுமி ஒருமுறை மூலையைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, சரியாக எழுதியிருந்த விடையை அழித்தாள். மூலையில் இருந்தவள் தலையிடாமல் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். வேலையின் விதி அது, சுபாவமும் அதுவே.

வகுப்பு முடிந்ததும் மனசு கேட்கவில்லை. வாசலில் சிறுமியை நிறுத்தி, "நீ முதல்ல போட்டதுதாம்மா சரி" என்றாள்.

"தெரியும் மிஸ்."

"அப்புறம் ஏம்மா அழிச்ச?"

"உங்களைத்தான் பார்த்தேன். நீங்களும் ஒண்ணும் சொல்லலையே."

சிறுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். இவளுக்குத்தான் பல நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு, ஆய்வை வழிநடத்திய பேராசிரியரின் அறையில் கூட்டம். கலந்து பேசினால் கற்றல் கூடும் என்பது அவர் காலமெல்லாம் சொல்லிவந்தது. கணக்கும் அப்படியே வந்திருந்தது, ஜன்னலோர மேஜையைத் தவிர. அங்கே மட்டும் பேசியபின் மதிப்பெண் இறங்கியிருந்தது.

"அந்த மேஜையில பதிவு சரியா விழலைன்னு போட்டு எடுத்துடலாம். தாராளமாப் பேசுங்க, நம்ம ஆராய்ச்சியே அதைப் பத்தித்தானே" என்றார் பேராசிரியர்.

"அதான் சரி சார்" என்றார் புள்ளியியல்காரர். பதிவுகளையெல்லாம் கேட்டு எழுத்தாக்கிய சீனியர் அக்கா, கைபேசியிலிருந்து நிமிராமலே தலையாட்டினாள். பதிவு செய்தவளின் கையெழுத்துதான் பாக்கி. பதிவு சரியில்லை என்று எழுதிய காகிதம் நகர்ந்து அவள் முன்னால் வந்தது. பேராசிரியரின் முன்னால் அவளுடைய ஆய்வேடு கிடந்தது. அதில் அவர் கையெழுத்து பாக்கி.

இத்தனை வருட உழைப்பு ஒரு கிறுக்கலில் தொங்குகிறது. பேனாவைத் திறந்தாள்.

"சார்... பதிவு நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. உங்களுக்கு மட்டும் என்ன?"

அவள் பையிலிருந்து கருவியை எடுத்து மேஜை நடுவில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் இரைச்சல். பிறகு அதே கேள்வி, ஒரு பையனின் குரலில், துல்லியமாகக் கேட்டது. அதைத் தொடர்ந்து ரப்பர் உரசும் சத்தம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேராசிரியர் ஆய்வேட்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். எல்லாம் போச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினாள்.

சீனியர் அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கும் தெரியும் சார்" என்றாள்.