காத்திருக்காத கறி

2024 அக்டோபர் 31, வியாழக்கிழமை, தீபாவளி. பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், ஐந்து மணிக்கு எழுந்து வெந்நீர் போட்டேன். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தேன். பின்கதவைத் திறந்தால், கட்டியிருந்த ஆடு என்னை நேராகப் பார்த்தது. டென்மார்க்கில் பல வருடங்களாகக் கோழியிறைச்சித் தொழிற்சாலையில் வேலை; விடுமுறையில் வந்திருந்தேன். சாப்பிடப்போகும் உயிரின் முகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

அப்பாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறது, சின்னக் கிருமியும் ஆளைச் சாய்த்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்திருந்தார்கள். அவரோ ஒரு மாதமாக ஆட்டுக்கறி கேட்கிறார். லயத்தில் எட்டு வீடும் சேர்ந்து பங்குக்கு எடுத்த ஆடு அது. அப்பாவுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை வீட்டார் என்னிடம் விட்டுவிட்டார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் கறி போகும் வழியெல்லாம் குளிர். கிருமிச் சோதனை முடியாமல் லாரி கிளம்பாது. அந்த ஒழுங்கின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒருமுறை மேற்பார்வையாளர் லார்ஸ், "உங்கள் ஊரில் ஃபிரிட்ஜ் இல்லாமல் கறியை எப்படி வைப்பீர்கள்?" என்று கேட்டார். "வைப்பதில்லை" என்றேன். கறி வாங்க வசதியில்லை என்று எடுத்துக்கொண்டு, பாவம்போல் என் தோளைத் தட்டினார்.

நான் சொன்னதை இந்தத் தீபாவளியன்று கண்ணால் கண்டேன். விடிந்தபின் அறுத்த ஆட்டைத் தொங்கவிட்டு உரித்தார்கள். கழுவிய வாழையிலைகளில் எட்டுப் பங்கு விழுந்தது. மூடுபனி விலகுமுன் எட்டு அடுப்பிலும் கறி கொதித்தது. கிருமி பெருக யாரும் அவகாசம் கொடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று உறுத்தியது. தம்பி மனைவி புஷ்பா, கறி வெட்டிய கத்தியாலேயே சம்பலுக்கு வெங்காயம் அரியப் போனாள்.

"புஷ்பா, அந்தக் கத்தி வேணாம். சம்பல வேக வைக்கவா போறோம்?"

"ஒங்க ஊருல கத்திக்கும் பாஸ்போட்டு கேப்பாங்களா அண்ணி?" என்று சிரித்தாள். ஆனாலும் கத்தியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கையையும் கழுவி வந்தாள்.

வெந்த கறியில் துண்டொன்றைப் பிய்த்துப் பார்த்தேன். எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது; உள்ளே சிவப்பில்லை. அப்பாவின் தட்டில் போட்டேன்.

"சோதன முடிஞ்சிருச்சா டாக்டரம்மா? ஆறிப்போகுது" என்றார் அப்பா.

இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டியைப் பிள்ளைகள் வழித்துவிட்டார்கள்; இரவுக்கு மிச்சமில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அப்பாவின் நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் இல்லை. கண் திறந்தவர், "அடுத்த தீவாளிக்குப் பங்கு சொல்றப்ப ஒன் பேரையும் சேத்துக்கவா?" என்றார்.

"சேத்துக்கங்கப்பா" என்றேன். என் பையில் இருந்தது டென்மார்க்குக்குத் திரும்பிப் போகும் பயணச்சீட்டு மட்டும்.