தவமணி அக்காவின் சேலையை உரித்த ஓவியம்

தவமணி அக்காவின் சேலையை உரித்தவர் நான் படித்த ஓவியக் கல்லூரியின் ஆசிரியர். மாரடைப்பில் அக்கா போய்விட்டார் என்பதும் அங்கிருந்துதான் தெரிந்தது. 'எங்கள் அன்புக்குரிய மாடல்' என்று மின்னஞ்சலில் இரண்டு வரி. கீழே, அவர் சேலையை உரித்த அதே ஓவியம்.

எங்கள் ஊரான லாசாலில் அவரை அறிந்த தமிழர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் வகுப்பில் அவர் உடையோடுதான் உட்கார்ந்தார். வாரம் முழுக்கத் தையல் ஆலை, சனிக்கிழமை எங்கள் வகுப்பு. "உடுத்தியிருப்பதைத்தான் வரைவோம்" என்று ஆசிரியர் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொல்லி, அவரைச் சம்மதிக்கவைத்தவன் நான்.

ஒருநாள் ஆசிரியர் பழைய ஐரோப்பிய ஓவியங்களைத் திரையில் காட்டினார். மெத்தை, ஹூக்கா, மயிற்பீலி விசிறி, நடுவில் ஆடையில்லாத அந்தப்புரப் பெண். வரைந்தவர்களில் பலர் எந்த அந்தப்புரத்தையும் கண்டதில்லை. தங்கள் ஊர்ப் பெண்ணைப் படுக்கவைத்துக் கிழக்கு என்று பெயரிட்டார்கள். அக்கா என் பக்கம் சாய்ந்து, "உவளவை ஏன் தம்பி எந்த நேரமும் படுத்துக் கிடக்கினம்? வேலைவெட்டி இல்லையே?" என்றார். வகுப்பில் சிரித்தவன் நான் ஒருவன்தான்.

ஆண்டிறுதிக் கண்காட்சியில் ஆசிரியரின் ஓவியம் தொங்கியது. முகம் அக்காவுடையது. உடம்பு அந்த மெத்தையில், துணியில்லாமல். தாலிக்கொடி கணுக்காலில். தலைப்பு, 'கிழக்கின் அடிமை'.

அக்கா நெடுநேரம் பார்த்தார். "தாலியைக் காலிலயே கட்டுறது? இவருக்குக் கிழக்கைத் தெரியுமாம்!" பிறகு குரல் உடைந்தது. "ஆரைக் கேட்டு என்ர சீலையை உரிஞ்சவர் எண்டு கேள் தம்பி."

கேட்டேன். "அது அவர் அல்ல, ஒரு கற்பனை" என்றார் ஆசிரியர்.

நம் ஆட்களுக்கு அந்தக் கற்பனை போதுமானதாக இருந்தது. தமிழ்க் கடையில் ஒருத்தி எல்லோர் முன்னிலையிலும், "என்னடி தவம், உடுப்பில்லாமல் இருக்கிறியாம்?" என்று கேட்டாள். "போய்ப் பார், உன்ர கண்ணாலயே பார்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு கடைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. இறுதிச் சடங்கில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. கதை பரப்பியவர்களுக்கு அன்று நேரமில்லை.

என்னிடம் இருப்பது வகுப்பில் நான் வரைந்த பென்சில் படம். கைவிரல்கள் சரியாக வரவில்லை. சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, பொத்தான் எல்லாம் பூட்டியபடி, தடித்த காலுறையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் சொன்ன வாக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

போன கிழமை கல்லூரிக்குப் போனேன். ஓவியம் இன்னும் நுழைவாயிலில் தொங்குகிறது. ஆசிரியர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். இறக்குங்கள் என்றேன். அவர் அடுத்த தூரிகையை எடுத்தார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுபடியும் சொன்னேன்: "அந்தப் படத்தை இறக்குங்கள்."