தனலெட்சுமி அக்கா போட்ட அடுவான்

தனலெட்சுமி அக்காவைப் பற்றி நான் நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லப் போகிறேன் என்றால் என் மனைவி ஹபீபா நம்பவே மாட்டாள். போன மாதம் மூன்று நாள் நான் அந்த அக்காவைத் திட்டிய திட்டு அப்படி. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதில் பாதித் தப்பு என்னுடையது.

என் பெயர் ஷேக் அலாவுதீன். சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிப் பசம்பூர் கடை வைத்திருக்கிறேன். வெள்ளரிக்காய், செங்குவாங் கிழங்கு, தவ்பூ, பொரித்த இறால் வடை எல்லாவற்றையும் நறுக்கித் தட்டில் போட்டு, மேலே சர்க்கரைவள்ளிக் கிழங்குக் குழம்பை ஊற்றித் தருவேன். மாநகர் மன்றத்தின் லைசென்ஸ் உள்ள கடை. ஒரு வண்டி, ஒரு குடை, எட்டு நாற்காலி. பினாங்கு வெயிலில் அந்த எட்டு நாற்காலியிலும் ஆள் உட்காருகிறார்கள் என்றால் அதற்கு என் கைப்பக்குவம் மட்டும் காரணமில்லை. தலைக்கு மேலே கிளை விரித்து நிற்கும் அங்சானா மரமும் காரணம். இந்த உண்மை எனக்குப் போன மாதம்தான் உறைத்தது.

அக்கா அதே பிளாட்டில் ஏழாம் மாடி. ஐம்பத்தெட்டு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குறை பார்த்தவர். வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. காலையில் ஒரு சுற்று வருவார். எரியாத விளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை, யாரோ படிக்கட்டில் போட்டுவிட்டுப் போன மெத்தை, ஒரு சங்கிலி அறுந்த ஊஞ்சல், எதுவும் தப்பாது. உடனே போனை எடுத்து மாநகர் மன்றத்துக்கு ஓர் அடுவான் போட்டுவிடுவார். அடுவான் என்றால் மலாயில் புகார். எங்கள் பிளாட்டில் தமிழரோ மலாய்க்காரரோ சீனரோ, எல்லார் வாயிலும் அந்த ஒரே சொல்தான். அக்காவுக்குப் பெயரே அடுவான் அக்கா என்று ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் அவர் கோபப்பட மாட்டார், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் எழுதினால் ஆள் வரும். கொசுப் புகை அடிக்க வந்தார்கள். ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி வந்தது. சனிக்கிழமை காலையில் மரத்தடியில் மன்றத்து லாரி நின்று பழைய பேப்பர், போத்தல், பொரித்த எண்ணெய் எல்லாம் எடுத்துப் போகிறதே, அதுவும் அவர் எழுதி எழுதி வாங்கியதுதான். அதற்கு முன்னால் என் கடைப் பழைய எண்ணெய் எங்கே போனது என்று கேட்காதீர்கள். ஒருநாள் சாக்கடை ஓரம் வாளியோடு நின்றபோது அக்கா கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“தம்பி, உங்க மேலயே ஒரு அடுவான் போடவா?” என்றார்.

அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று.

இவ்வளவு எதற்காக மெனக்கெடுகிறார் என்று ஒருமுறை கேட்டேன். அக்கா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு வருஷம் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் குழாயில் சேறு கலந்த தண்ணீர் வந்ததாம். அவருடைய அப்பா பிச்சைமுத்து, தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் சொல்லப் போய், திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினாராம்.

“சொன்னா கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கும்னே எங்களுக்குத் தெரியாது தம்பி. கல்யாணம் ஆகி இங்க வந்த புதுசு, கீழ ரோட்டு லைட் எரியல. பக்கத்து வீட்டு சீன அம்மா நம்பர் குடுத்துச்சு. பயந்து பயந்து போன் பண்ணேன். மறுநாள் சாயங்காலம் ஏணி வச்ச லோரி வந்து மாட்டிட்டுப் போயிட்டாங்க. நான் கீழ நின்னு அழுதேன். இவருதான் ‘லைட்டுக்கெல்லாமா அழுவாங்க’ன்னாரு.”

இவர் என்றது கணவர் சிவநேசனை. லாரி ஓட்டுபவர், அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் இருப்பதில்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளதை உள்ளபடி எழுத மாட்டார். “கொஞ்சம் மொளகா போடணும்லா. அப்பதான் படிக்கிறவனுக்குக் கண்ணு தெறக்கும்” என்பார். சாக்கடை அடைப்பு என்றால் வெள்ள அபாயம் என்று எழுதுவார். நாய் குரைத்தால் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகவே அஞ்சுகிறார்கள் என்று எழுதுவார். எங்களுக்கும் அது பிடித்திருந்தது. வேலை நடந்தால் சரி என்று இருந்தோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த மரத்தின் ஒரு பக்கக் கிளை தாழ்ந்து வந்து என் குடையைத் தட்டிக்கொண்டிருந்தது. மைனாக்கள் அதில் வரிசையாக உட்கார்ந்து செய்யும் காரியத்தைச் சாப்பாட்டுக் கடைக்காரன் வாயால் சொல்ல முடியாது. குழம்புப் பானையை மூடி மூடித் திறந்து எனக்கு வெறுத்துவிட்டது. அக்கா தட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில் சொன்னேன்.

“அக்கா, இந்த மரத்த வெட்டச் சொல்லி ஒரு அடுவான் போடுங்களேன்.”

“போட்டுட்டா போச்சு” என்றார்.

நம் வாயில் வெட்டுவது என்பதற்கு எத்தனை அர்த்தம். முடி வெட்டுகிறோம், நகம் வெட்டுகிறோம். முடி வெட்டிக்கொண்டு வா என்றால் யாரும் தலையைக் கொடுத்துவிட்டு வருவதில்லை. நான் கிளையைத்தான் சொன்னேன். ஆனால் அடுவான் எழுதுவது மலாயில், அதில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. கிளை கழிப்பது சந்தாஸ். மரத்தையே சாய்ப்பது தெபாங். அக்கா தெபாங் என்று எழுதிவிட்டார். எழுதியதோடு விட்டாரா, மிளகாயையும் அள்ளிப் போட்டிருந்தார். அடிமரம் உள்ளே உளுத்துப் போய்விட்டது, காற்று அடித்தால் ஆடுகிறது, கீழே விளையாடும் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து என்று ஒரு முழுப் பக்கம்.

என் பங்கு என்னவென்று கேளுங்கள். அக்கா அந்தத் தாளை அச்சடித்துக் கொண்டுவந்து, “பத்துப் பேர் கையெழுத்து இருந்தா பவரா இருக்கும் தம்பி” என்றார். பசம்பூர் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் தாளை நீட்டி அறுபத்து மூன்று கையெழுத்து வாங்கியவன் நான். மலாய் எனக்குத் தண்ணி பட்ட பாடு. படிக்கத்தான் இல்லை, குழம்பு அடி பிடிக்கிறதே என்ற அவசரம்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், அடிமரத்தில் சிவப்புச் சாயத்தில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒரு நோட்டீஸ். திங்கட்கிழமை அதிகாரி வந்து கடைசியாகப் பரிசோதிப்பார், வியாழக்கிழமை மரம் தெபாங்.

நிமிர்ந்து பார்த்தேன். இந்தக் கூரை போய்விட்டால் இங்கே யார் வந்து உட்காருவார்கள்? மத்தியானம் தார் ரோட்டில் முட்டை உடைத்து ஊற்றினால் பொரிந்துவிடும். சனிக்கிழமை லாரிக்காகச் சாமான் மூட்டையோடு காத்திருக்கும் வயசானவர்கள் எங்கே நிற்பார்கள்? இருபது வருஷமாகக் கீழேயே நின்று பிழைத்துவிட்டு, ஒரு தடவைகூட அந்த மரத்தை நன்றாகப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அது இரண்டும் சேர்ந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

ஏழாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

“என்னக்கா எழுதித் தொலைச்சீங்க? மரத்தையே சாய்க்கப் போறானுங்க.”

“நீங்கதானே தம்பி வெட்டணும்னீங்க?”

“கெளையச் சொன்னேன்க்கா, கெளைய.”

“கெளைன்னு ஒரு வார்த்த உங்க வாயில வந்துச்சா?”

“மூளை இருக்கிறவங்களுக்குத் தெரியாதா?”

அது நான் சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. உள்ளே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த சிவநேசன் அண்ணன் மெதுவாக, “அந்த அறுபத்து மூணு பேரும் படிக்கலயா தம்பி?” என்று கேட்டார். அந்த மனிதர் எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் இப்படித்தான். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் வருவோர் போவோரிடமெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே பசம்பூர் நறுக்கினேன்.

திங்கட்கிழமை காலை மரப் பிரிவு அதிகாரி வந்தார். ஐமான் என்று பெயர். சின்ன வயசு, தலையில் மஞ்சள் தொப்பி, கையில் ஒரு மரச்சுத்தியல். அக்கா எனக்கு முன்னாலேயே வந்து மரத்தடியில் நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஐமான் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். வேரைப் பார்த்தார், ஒரு கருவியை ஒட்டவைத்துப் பார்த்தார். நானும் அக்காவும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் போல நின்றோம். ஐமானும் அக்காவும் மலாயில் பேசியதைத் தமிழிலேயே சொல்கிறேன்.

“மரம் நல்லா இருக்கு ஆண்டி. உளுத்துப் போனதுக்கு அடையாளமே இல்ல. ஆனா உங்க கடிதத்துல வேற மாதிரி இருக்கு. அறுபத்து மூணு பேர் ஆபத்துன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாளைக்கு ஒரு கிளை முறிஞ்சு யார் மேலயாவது விழுந்தா, எச்சரிச்சும் கேக்கலன்னு ஆயிடும். புகாரை நீங்களா வாபஸ் வாங்கினாத்தான் நான் நிறுத்த முடியும்.”

ஒரு படிவத்தை நீட்டினார். காரணம் எழுதும் இடத்தைக் காட்டி, “மனசு மாறிடுச்சுன்னு ஒரு வரி போட்டாப் போதும்” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “போடுங்கக்கா, சட்டுனு போடுங்க” என்றேன்.

அக்கா பேனாவை வாங்கினார். என் வண்டி ஓரத்தில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். ஒரு வரி ஆயிற்று, ஐந்து வரி ஆயிற்று, படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். எட்டிப் பார்த்தேன். அக்கா எழுதியிருந்தது இதுதான்: மரம் உளுத்துப் போகவில்லை. காற்றில் ஆடவும் இல்லை. வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்று நான் பொய் சேர்த்து எழுதினேன். கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது தெரியாது.

“அக்கா, என்ன இது? உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிறீங்க. மனசு மாறிடுச்சுன்னு போட்டா முடிஞ்சு போச்சே.”

“அப்படிப் போட்டா மரம் பொழைக்கும் தம்பி. ஆனா நாளைக்கு நெசமாவே ஒரு மரம் ஆடுதுன்னு வேற யாராவது எழுதுவாங்க. இந்த ஏரியாக்காரங்க இப்படித்தான், நாலு நாள்ல மனசு மாறிடுவாங்கன்னு ஆபீஸ்ல தூக்கி வச்சிருவாங்க. பொய் எழுதினது நானு. மத்தவங்க சொல்ற பேச்சு ஏன் எடுபடாமப் போகணும்?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இந்த அக்கா தலை குனிந்து நான் பார்த்ததில்லை. மூன்று நாள் திட்டிய திட்டெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது.

“பேனாவக் குடுங்க” என்றேன்.

அவர் கையெழுத்துக்குக் கீழே நான் எழுதினேன். மரத்தை வெட்டச் சொன்னவன் நான். கிளை என்று சொல்ல மறந்ததும் நான். படிக்காமல் அறுபத்து மூன்று கையெழுத்து வாங்கியதும் நான். ஷேக் அலாவுதீன், பசம்பூர் கடை. என் மலாயில் இரண்டு பிழை இருந்தது. அந்த நிலையிலும் அக்கா அதைத் திருத்தினார்.

ஐமான் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு போனை எடுத்துப் பழைய புகாரை மூடினார். தாழ்ந்த கிளையைக் கழிக்க இப்போதே புதிதாக ஒன்று பதிந்துவிடலாம், வியாழக்கிழமை வருகிற ஆட்கள் அந்த வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும் என்றார். சந்தாஸ் என்று அவர் தட்டுவதை நானும் அக்காவும் இரண்டு பக்கமும் நின்று எழுத்து எழுத்தாகப் பார்த்தோம்.

“புகார்தாரர் பேர் வேணும்” என்றார்.

அக்கா ஓரடி பின்னால் போனார். “இவர் பேரைப் போடுங்க தம்பி. இனிமே என் பேரப் பார்த்தா யார் நம்பப் போறாங்க?”

ஐமான் போனிலிருந்து தலையைத் தூக்கினார். “ஆண்டி, எனக்கு ஒரு நாளைக்கு நாப்பது புகார் வருது. ஏதோ ஒரு பொய் இல்லாத புகாரை நான் இன்னும் பார்க்கல. நான் எழுதினது பொய்னு எழுதிக் குடுத்தவங்களையும் இன்னிக்குத்தான் பார்க்கிறேன். இனிமே உங்க பேர்ல வந்தா நான் முதல்ல படிப்பேன். சொல்லுங்க, உங்க பேரே போடலாம்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேராக நிமிர்ந்து, ஐமானின் போனைப் பார்த்தபடியே, பிழை வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தித் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.