கழிவு போக

எடை மெஷினில் ஏறச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வாய் துடுக்காகிவிடும். ஏற்காடு ஆஸ்பத்திரியில் இருக்கும் நர்சுப் பெண்ணுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு. "மெஷின் உங்களை என்னங்க பண்ணுச்சு, இப்படி மொறைக்கறீங்க?" என்பாள். அவளுக்கு எங்கே தெரியப் போகிறது! சயரோகத்துக்கு இப்போது மாத்திரை இருக்கிறது. ஆனாலும் நோயாளி எடை ஏறுகிறாரா என்று மாதாமாதம் பார்க்கிறார்கள், நல்ல சாப்பாடு கொடுத்தால் எடை ஏறிப் பிழைக்கிறார்களா என்று பெரிய டாக்டர்கள் இன்னமும் ஆராய்கிறார்களாம். ஆராயட்டும், நல்ல காரியம். என் காலத்தில் மாத்திரையும் கிடையாது, ஊசியும் கிடையாது. எடை ஒன்றுதான் இருந்தது.

அது வெள்ளைக்கார துரைகள் எஸ்டேட் நடத்திய காலம். என் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் மண்டி. மலையிலிருந்து இறங்கும் மிளகும் ஆரஞ்சும் வாங்கி விற்பார். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை, அப்போதுதான் மழலை பேச ஆரம்பித்திருந்தாள். எனக்கு இருமலில் ரத்தம் வந்ததும் வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பியது. மலைக்காற்று பட்டால் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். இவள் இருக்கிற வீட்டில் குழந்தை இருக்கக் கூடாது என்று மாமியார் சொன்னார். இரண்டும் நியாயமான பேச்சுதான். சித்திரையில் ஒரு நாள், குழந்தை தூங்கும் நேரம் பார்த்து என்னைப் பஸ் ஏற்றினார்கள்.

என் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கொடுக்கும் எஸ்டேட் ஒன்றில், மலைப்பாதையை ஒட்டி ஒரு குதிரை லாயம் காலியாகக் கிடந்தது. துரை காருக்கு மாறிவிட்டார், குதிரை போய்விட்டது, அந்த இடத்துக்கு நான் வந்தேன். பால் குடி, முட்டை சாப்பிடு, படுத்துக் கிட, ஜன்னலை மூடாதே. இவ்வளவுதான் வைத்தியம். பக்கத்துக் கிராமமான கொட்டச்சேட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வரும் ஒரு அக்கா எனக்குச் சமைத்துக் கொண்டுவருவாள். வாசல் கல்லின்மேல் பாத்திரத்தை வைத்துவிட்டு, எதிரே இருந்த மரம் வரைக்கும் பின்வாங்கிப் போய் நின்றுகொண்டு, "அம்மிணி, ஆறிப் போறதுக்குள்ள உண்ணுங்க!" என்று கூவுவாள். நான் உண்டு முடிக்கிறவரை அங்கேயே நிற்பாள். அதற்காகவே நான் மெதுவாக உண்பேன்.

யாரைக் குறை சொல்ல? ஒட்டுகிற நோய். எல்லாரும் எட்டி நின்றுதான் பேச வேண்டும், எட்டி நின்றால் கத்தித்தான் பேச வேண்டும். நெஞ்சில் குழல் வைக்க வரும் டாக்டரைத் தவிர, அந்த மலையில் ஒருத்தர்கூட என்னிடம் மெல்லப் பேசியதில்லை. "தூங்கினீங்களா" என்பதும் கத்தல், "கவலைப்படாதீங்க" என்பதும் கத்தல். ஆறுதலைக் கத்திச் சொன்னால் அது சண்டை மாதிரி இருக்கிறது. எனக்கு அழுகை வரும். அழுதால் இருமல் வரும் என்பதால் அதையும் அடக்கிக்கொள்வேன்.

எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டர் வாரத்துக்கு ஒரு தரம் வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பார். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "நூறு ராத்தல் வரட்டும்மா. அன்னைக்கே உன்னைக் கீழே அனுப்பிடறேன்." நான் அப்போது எண்பது ராத்தல், இன்றைய கணக்கில் முப்பத்தாறு கிலோ. கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரைக்கும் ஓடும். இருபது ராத்தல் ஏறினால் என் பிள்ளை. அதற்குப் பிறகு என் மனசில் வேறு கணக்கே இல்லை.

டிஸ்பென்சரியில் ஆளை நிறுக்கத் தராசு கிடையாது. எஸ்டேட்டிலேயே இருந்த பெரிய தராசு ஒன்றுதான், காப்பிக் கொட்டகை விட்டத்திலிருந்து சங்கிலியில் தொங்கும். ஒரு பக்கம் மூட்டை வைக்கிற பலகை, மறுபக்கம் எடைக்கல். மாதம் ஒரு முறை, சாயங்காலம் வேலை எல்லாம் முடிந்தபிறகு நான் போய் அந்தப் பலகையில் ஊஞ்சல் மாதிரி உட்காருவேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கல்லைப் போட்டுவிட்டு, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு எண்ணைச் சொல்வார். நல்ல மனுஷர். ஏறியிருந்தால் என்னைவிட அவருக்குச் சந்தோஷம். "ஏறுதுங்க அம்மிணி! ஏறுதுங்க!" என்று துண்டுக்குள்ளிருந்து கத்துவார்.

அந்த எண் சேலம் போவது பஸ்ஸில். டிரைவர் எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிப்பார், நான் லாயத்து வாசலிலிருந்து எண்ணைக் கத்துவேன், அவர் கீழே போய் மண்டி முன்னால் வண்டியை நிறுத்தி, "தொண்ணூறு!" என்று கத்துவாராம். தெருவுக்கே என் எடை தெரியும். மானம் போகிறது என்று மாமியார் சொன்னதாகக் கேள்வி. போகட்டுமே! யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நான் வரப் போகிறேன் என்று தெருவுக்கும் தெரியட்டும் என்று இருந்தேன்.

ஐப்பசியில் தொண்ணூற்றெட்டு. அந்தத் தடவை வீட்டுக்காரரே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டு ராத்தல்தானே, கார்த்திகைக்கு ஊட்டுக்கு வந்துடலாம்!" என்று கத்தினார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்டுக் கம்பத்தில் கையை வைத்துக் காட்டினார், இவ்வளவு உயரம் என்று. அவர் போனபிறகு நான் போய் அந்த இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். தினமும் பால் குடித்துவிட்டுப் போய்க் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பைத்தியம்தான், வேறென்ன. கோட்டின் மேல் கையை வைத்தால் உள்ளங்கைக்குத் தலைமுடி தட்டுப்படுவது போலவே இருக்கும்.

கார்த்திகை பிறந்தது. காப்பி பழுத்து, பறிப்பும் தொடங்கியது; மழையும் விடாமல் பிடித்துக்கொண்டது. கொட்டகை எங்கும் ஈரம், கூடை, கூச்சல். பறித்துக்கொண்டு வந்தவர்கள் வரிசையாக நின்று நிறுத்துவிட்டுப் போனபிறகு கடைசியாக நான் போய் உட்கார்ந்தேன். கம்பளியைக்கூடக் கழற்றித் தூர வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ரைட்டர் கல்லைப் பார்த்தார். இந்தத் தடவை கத்தவில்லை. "தொண்ணூத்தி மூணுங்க" என்றார்.

ஐந்து ராத்தல் போய்விட்டது! கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. எப்படிப் போகும்? இருமல் நின்று மாதமாகியிருந்தது. பசித்தது. ரவிக்கை கையைப் பிடித்தது. வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. நானோ, மழை ஈரத்தில் துணி சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். குளிருக்குக் கை வீங்கியிருக்கும், அதனால்தான் வளையல் ஓடவில்லை என்றுகூட நினைத்தேன். என் கையை நம்பவில்லை, தராசை நம்பினேன். டாக்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கு. எடை இறங்குதே. உள்ளே எங்கேயோ தின்னுட்டிருக்கு" என்றார். அவரும் தராசைத்தான் நம்பினார்.

மார்கழியில் தொண்ணூற்று நாலு. டிரைவரிடம் அதையும் கத்தினேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் வரவில்லை. பனி லாயத்துக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும். எட்டி நின்று கத்துவதற்குக்கூட ஆள் குறைந்தது. பறிப்பு வேலையில் யாருக்கு நேரம்? அந்த அக்காகூடக் கல்லில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். நான் பேசுவது எனக்கே கேட்கட்டும் என்று பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். பிறக்கட்டும் என்று காத்துக் கிடந்தேன்.

தை பிறந்தது. பொங்கல் கழிந்து பஸ் போகும், வரும், ஹாரன் மட்டும் இல்லை. பண்டிகைக் கூட்டம், மறந்துவிட்டார் போல என்று இருந்தேன்.

அந்த மாதம் நிறுக்கப் போன சாயங்காலம் கொட்டகையில் ஒரே ரகளை. எனக்குச் சோறு கொண்டுவரும் அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ரைட்டர் முன்னால் நிற்கிறாள்.

"ஏனுங்க ரைட்டரே, வெயில் பல்லைக் காட்டுது. இன்னமும் ஈரத்துக்குன்னு நாலு ராத்தல் கழிச்சா எப்படிங்க?"

"கூடைக்கு நாலு, ஈரத்துக்கு நாலு. பறிப்பு முடியறவரைக்கும் அப்படித்தானுங்க. துரை சொன்னது."

"துரை வந்து பழத்தைத் தொட்டுப் பாத்தாருங்களா? நொம்ப அநியாயமுங்க இது!"

நான் தூரத்தில் என் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நாலும் நாலும் எட்டு. அத்தனை பேர் நடுவில் நடந்து போனேன். எல்லாரும் விலகினார்கள்.

"ஏனுங்க, என்னை நிறுத்தீங்களே, எனக்கும் கழிச்சீங்களா?"

ரைட்டர் துண்டைக்கூட மூக்குக்குக் கொண்டு போகவில்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "பறிப்புல எல்லாத்துக்கும் கழிக்கறதுதானுங்களே, அம்மிணி."

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. நாள் முழுக்கக் கழித்துக் கழித்துச் சொல்லிய வாய், கடைசியாக உட்கார்ந்த எனக்கும் கழித்தே சொல்லிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, பாவி மனுஷர். கூடையே இல்லாதவளுக்குக் கூடைக் கழிவு! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கல்லை எடுத்து அவர் மண்டையில் போட்டிருப்பேன். போடாமல் பலகையில் உட்கார்ந்தேன். நூற்று நாலு. கார்த்திகையிலேயே நூறு தாண்டியிருக்கிறேன். டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "போம்மா, போ, நாளைக்கே போ" என்றார். அவருக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பாதையில் நின்று பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன். "நூத்தி நாலுங்க!" என்றேன். டிரைவர் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, நீங்க இன்னிக்குப் போகோணுங்களா?"

"ஏன்?"

"மண்டிக்காரர் ஊட்டுல கண்ணாலம் முடிஞ்சு நாலு நாள் ஆச்சுங்க. நீங்க தேறமாட்டீங்கன்னு அவங்கம்மா…" எண்ணைக் கொண்டு போனவர் அவர்தானே. ஹாரன் ஏன் நின்றது என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக எனக்கு என் வீட்டுக்காரர் மேல்கூடக் கோபம் இல்லை. பிள்ளை இருக்கிறாள், பிள்ளையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மண்டியில் அவர் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டார். "உள்ளே வா" என்றார். "மொதல்ல நிறுங்க" என்றேன். "இங்கே வேண்டாம்…" "நிறுங்க!" மலையில் பழகிய கத்தல் அது, தெருவே திரும்பிப் பார்த்தது. மூட்டை வைக்கும் பலகையில் நானே போய் உட்கார்ந்தேன். அவர் கல்லைப் போட்டார். நூற்று நாலுக்கு முள் நேராக நின்றது.

"தொண்ணூத்தி நாலுன்னுதானே சொன்னாங்க" என்றார்.

"அது கழிவு போக."

மண்டிக்காரருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. விடிந்தால் பொழுதுபோனால் மூட்டைக்கு மூட்டை சாக்குக் கழிவு போடுகிற மனுஷர். பறிப்பு நேரத்து மலைக் கணக்கில் கழிவு உண்டு என்று அவருக்குத் தெரியாதா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

உள்ளேயிருந்து என் பிள்ளை ஓடிவந்தாள். கேட்டுக் கம்பத்துக் கோட்டைவிட இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "ஒறம்பரை வந்திருக்காங்க!" என்று கூவினாள். விருந்தாளிக்குச் சொல்கிற சொல். உள்ளே புது வளையல் சத்தம் கேட்டு நின்றது.

பிறகு அவள் எனக்கு வெகு பக்கத்தில் வந்தாள். சித்திரைக்குப் பிறகு, குழல் வைக்கும் டாக்டரைத் தவிர, என்னிடம் அவ்வளவு பக்கத்தில் வந்த ஆள் அவள்தான். பலகைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, புது ஆளிடம் பேசும் மரியாதையோடு, மெல்லச் சொன்னாள்.

"ஏனுங்க, எறங்குங்க. நான் ஆடோணும்."

இறங்கினேன். அவளைத் தூக்கிப் பலகையில் உட்கார வைத்து, ஆட்டிவிட்டேன்.